பழைய வில்லைக்குப் புதிய பிடிவளையம்

பழைய ஒளிப்படக் கருவி வாங்குவோர் முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பர். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா, பூச்சில் கீறல் உண்டா, துளையிதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று ஆராய்வர். வில்லையின் உடலைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் அந்த ஆய்வில் இடம்பெறுவதே இல்லை. அது வெளுத்தோ தேய்ந்தோ இருந்தால் விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்பார்கள், அவ்வளவே. அரை நூற்றாண்டை நெருங்கும் ஒரு நல்ல வில்லையில் கண்ணாடியும் உலோகமும் பெரும்பாலும் செய்த நாளில் இருந்தவாறே இருக்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியும்படி மூத்திருப்பது ரப்பர் ஒன்றே. வெளுப்பு, தளர்ச்சி, வெடிப்பு, பிசுபிசுப்பு என்று அது காட்டும் ஒவ்வொரு குறிக்கும் வேதியியலில் ஒரு காரணம் உண்டு. அக்காரணங்களை அறிந்தவர் கையில் வளையம் மாற்றும் வேலை எளிது. அறியாமல் பசையைத் தொட்டு ஒட்டுவோரால் நல்ல கண்ணாடியும் கெட்டுப்போகும். அதனாலேயே இதை விரித்து எழுதுகிறேன்.

சான்றுக்கு ஒரு வில்லையை எடுத்துக்கொள்வோம்: நிக்கான் நிறுவனத்தின் 50 மி.மீ. எஃப் 1.4 நிக்கோர். 1959இல் ‘நிக்கான் எஃப்’ கருவியோடு தொடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. அக்குடும்பத்தின் தொடக்ககால 50 மி.மீ. வில்லைகளில் ரப்பர் கிடையாது. குவியம் திருப்பும் வளையம் முழுதும் உலோகமே. மேடும் பள்ளமுமாகக் கடைந்து, விரல் வழுக்காதிருக்க நுண்வரிகள் வெட்டியிருப்பார்கள். 1970களில்தான் ஜப்பானிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ரப்பர் வளையத்துக்கு மாறின. துளையின் அளவைக் கருவிக்குத் தானே தெரிவிக்கும் ‘ஏ.ஐ.’ வரிசை 1977இல் வெளிவந்தபோது, சிறு சதுரங்களாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் வளையம் நிக்கோரின் முகமாகவே ஆகிவிட்டது. உலோக வளையமே உயர்ந்தது என்று வாதிடும் அன்பர்கள் பலர். நெடுங்காலம் உழைப்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வியர்த்த விரலுக்கும் குளிரில் விறைத்த விரலுக்கும் ரப்பர் தரும் பற்றை உலோகம் தருவதில்லை. கருவி கையாள்வதற்கே என்று நினைப்பவன் நான். ஆகவே என் வாக்கு ரப்பருக்கே.

அந்தப் பற்று எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். இவ்வில்லை முடிவிலியிலிருந்து தன் மிக அண்மைத் தொலைவான 0.45 மீட்டருக்கு வர, கண்ணாடித் தொகுதி ஏறத்தாழ 7 மி.மீ. முன்னே நகர வேண்டும். வளையத்தின் விட்டம் 60 மி.மீ. என்றும், முழு வீச்சும் அரைச்சுற்று என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்போது விரல் கடக்கும் தொலைவு 94 மி.மீ. விரல் ஒரு மி.மீ. நகர்ந்தால் கண்ணாடி 0.075 மி.மீ. நகரும். முழுத் திறப்பில், அதாவது எஃப் 1.4இல், படச்சுருளின் தளத்திலிருந்து இருபுறமும் குவியம் பிசகத் தரும் இடம் 0.042 மி.மீ. மட்டுமே. எனவே விரல்நுனியின் ஏறத்தாழ ஒரு மி.மீ. இயக்கத்துக்குள் கூர்மை வந்தும் போய்விடுகிறது. கண்ணிமையைக் கூர்மையாக்க முயலும்போது நாம் செய்வது அரை மி.மீ. அளவிலான திருத்தம்.

தளர்ந்த வளையத்தால் அந்தத் திருத்தத்தைச் செய்ய இயலாது. விரல் திருப்பத் தொடங்கியதும் முதலில் ரப்பர் மட்டும் உலோகத்தின்மேல் சறுக்கும். பிறகு ஓரிடத்தில் பற்றிக்கொண்டு, வேண்டிய அளவைத் தாண்டி வளையத்தை இழுத்துச் செல்லும். ஓய்வுநிலை உராய்வு இயக்கநிலை உராய்வினும் மிகுதி என்பதால் விளையும் தத்தல் இது. முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிக் கண் களைத்துப்போகும். இக்காலத்தார் இத்தகைய வில்லைகளைக் எதிரொளிக்கும் ஆடி இல்லாத மின்னணுக் கருவிகளில் இணைப்பான் வைத்துப் பொருத்தி, காட்சியைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் திரையில் குவியம் பார்க்கிறார்கள். அந்தப் பெருக்கத்தில் வளையத்தின் சிறு தத்தலும் பெரிதாகத் தெரியும். ஆகவே பிடிவளையத்தைக் குவிய இயக்கத்தின் ஓர் உறுப்பென்றே கொள்ள வேண்டும்.

இனி, வளையம் உலோகத்தின்மேல் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். பலரும் பசையால் என்று நினைக்கிறார்கள். பல வில்லைகளில் பசையே இராது. இருந்தாலும் அது துணைக்குத்தான். வளையம் நிற்பது தன் இறுக்கத்தால். உலோகத்தின் சுற்றளவைவிடச் சிறிதாக வார்க்கப்பட்ட வளையம் நீட்டி மாட்டப்படுகிறது. சுருங்க முயன்றுகொண்டே காலமெல்லாம் உலோகத்தைப் பற்றுகிறது.

அந்தச் சுருங்கும் முயற்சியின் இயல்பு வியப்புக்குரியது. வளையங்களின் கலவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆயினும் இயற்கை ரப்பரை அறிந்தால் மற்றவற்றின் போக்கும் விளங்கிவிடும். மலாயாத் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சீவியெடுத்த பால், இன்று குமரி மாவட்டத்து மலைச்சரிவுகளிலும் சிரட்டையில் வடியும் பால், மூன்றில் ஒரு பங்கு ரப்பர் கொண்டது. அதன் கட்டமைப்பில் ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தை மைக்கேல் ஃபாரடே 1826இல் கண்டறிந்தார். அந்த ஐங்கார்பன் அலகு ஆயிரக்கணக்கில் கோத்து அமைந்த நீண்ட சங்கிலிகளே ரப்பர். ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் வரும் கேடுகளுக்கெல்லாம் அதுவே வாயில். வெறும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் விழுந்து உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார்.

இழுத்த இரும்புச் சுருள் மீள்வது அணுக்களிடையே உள்ள விசையால். ரப்பர் மீள்வதற்கு முதன்மையான காரணம் வேறு. நீட்டாத ரப்பரில் ஒவ்வொரு சங்கிலியும் வெப்ப அசைவால் எண்ணற்ற வடிவங்களில் சுருண்டு கிடக்கும். நீட்டும்போது அச்சங்கிலிகள் ஒரு திசையில் ஒழுங்குபடுகின்றன. அவை ஏற்கக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒழுங்கின்மையின் அளவாகிய என்ட்ரோபியைக் கூட்டிக்கொள்ள இயற்கை முயல்வதே நாம் உணரும் இழுவிசை. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து ஜான் காஃப் இதன் வெளிப்பாட்டை 1805இலேயே பதிவு செய்துள்ளார். குழந்தைப் பருவத்தில் அம்மையால் பார்வை இழந்தவர் அவர். ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென நீட்டினார், சூடு உணர்ந்தார். தளரவிட்டபோது குளிர் உணர்ந்தார். எடை தொங்கும் ரப்பரைச் சூடேற்றினால் அது சுருங்குவதையும் கண்டார். ஒரு ரப்பர் வளையம் கிடைத்தால் நீங்களும் உங்கள் உதட்டில் செய்து பார்க்கலாம், ஐயமின்றித் தெரியும். அரை நூற்றாண்டுக்குப் பின் ஜேம்ஸ் ஜூல் இதை அளந்து உறுதிப்படுத்தினார்.

வில்லையின் வளையத்தை வெந்நீரில் இட்டால் தளர்ச்சி நீங்கும் என்று சிலர் சொல்வதற்கு இந்த விளைவைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அது பொருந்தாது. நீட்சி ஏறத்தாழப் பத்து விழுக்காட்டைத் தாண்டினால்தான் இந்த விளைவு பொதுவான வெப்பவிரிவை மீறும். நம் வளையத்தின் நீட்சி அதனினும் குறைவு. வெந்நீரில் சிறிது மீள்வது, சங்கிலிகள் பிணைப்பு முறியாமல் வெறுமனே இடம் பெயர்ந்து தங்கிவிட்ட அளவுக்கு மட்டும்.

பற்றின் வலிமையையும் கணக்கிடலாம். நடுத்தரக் கடினமுள்ள ரப்பர், ஒன்றரை மி.மீ. கனம், 20 மி.மீ. அகலம், 60 மி.மீ. விட்டமுள்ள உலோகம், ஐந்து விழுக்காடு நீட்சி என்று கொண்டால், வளையம் உலோகத்தை ஏறத்தாழ 8 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் பற்றும். உராய்வுக் கெழு 0.8 எனின், அதை வழுக்கச் செய்ய விளிம்பில் 25 நியூட்டன் விசை வேண்டும். இரண்டரைக் கிலோ எடைக்கு ஈடானது. நீட்சி ஒரு விழுக்காடாகக் குறைந்துவிட்டால் அது 5 நியூட்டனாகும். இடையில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து கெழு 0.2க்கு இறங்கினால் ஒன்றேகால் நியூட்டனே மிஞ்சும். குவிய மரையில் உள்ள பசைமசகு பழமையால் கெட்டிப்பட்டிருக்கும் வில்லைகளில், அதைத் திருப்பவே அதனினும் மிகுதியான விசை வேண்டியிருக்கலாம். வளையம் அப்போதுதான் கைவிடுகிறது.

ஐந்து விழுக்காடு எப்படி ஒன்றாகிறது? நீட்டிய நிலையில் பல்லாண்டுகள் இருக்கும் ரப்பரில், ஆக்சிஜனாலும் வெப்பத்தாலும் சில பிணைப்புகள் மெல்ல முறியும், புதியவை உண்டாகும். புதிய பிணைப்புகளுக்கு நீட்டிய நிலையே இயல்பு நிலை. பழைய வலை சுருங்கச் சொல்லும், புதிய வலை அங்கேயே நிற்கச் சொல்லும். இரண்டுக்கும் இடையிலான ஓர் அளவில் ரப்பர் தங்கிவிடும். வேதியியலாளர் டோபால்ஸ்கியும் அவருடைய துணைவர்களும் 1946இல் முன்வைத்த இந்த இரட்டை வலைக் கருத்து நிலைத்த உருமாற்றத்தை நன்றாக விளக்குகிறது. இப்படித் தளர்ந்த வளையத்தை எந்த வெந்நீரும் மீட்காது. தோலின் எண்ணெய், கைப்பூச்சு, உள்ளிருந்து கசியும் மசகெண்ணெய் ஆகியவற்றை உறிஞ்சி ரப்பர் வீங்குவது இன்னொரு காரணம். பெட்ரோல் வகைக் கரைப்பானால் துடைப்பவர்கள் அந்த வீக்கத்தைத் தம் கையாலேயே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

வெடிப்புக்குக் காரணம் ஓசோன். தரைமட்டக் காற்றில் அது நூறு கோடி மூலக்கூறுகளுக்குச் சில பத்து என்ற அளவில்தான் இருக்கிறது. ஆயினும் ரப்பரின் இரட்டைப் பிணைப்பைக் கண்டால் நேரே வந்து பிளக்கும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் அந்தப் பிளவு மேற்பரப்போடு நின்றுவிடும். நீட்டிய ரப்பரில் பிளந்த முனைகள் விலகிக்கொள்வதால் அடியிலுள்ள புதுப்பரப்பு வெளிப்பட்டு, வெடிப்பு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். நீட்சியின் திசைக்குச் செங்குத்தாகவே வெடிப்பு ஓடும் என்பது இதன் அடையாளம். பழைய நிக்கோர் வளையம் ஒன்றைக் கழற்றிக் கைவில்லையின் கீழ் வைத்து, மெல்ல வெளிப்புறமாக வளைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடுகள் வில்லையின் அச்சுக்கு இணையாக, ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பை நோக்கி நிற்கும். அதுவும் சதுரங்களின் தலையில் அல்ல, பள்ளங்களின் அடியில். தகைவு குவிவது அங்கேதான். அழுக்கும் அங்கேதான் தங்குவதால், வெடிப்பை அழுக்குக் கோடென்று எண்ணித் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்க்கத் தேய்க்க அது விரியும்.

ஓசோன் வெடிப்புக்கு ஒரு தொடக்க எல்லை உண்டு. நீட்சி சில விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் வெடிப்பு தொடங்காது. இங்கே ஒரு நுட்பமான முடிச்சு இருக்கிறது. நன்கு பற்றவேண்டுமானால் மிகுதியாக நீட்ட வேண்டும். நெடுநாள் வாழவேண்டுமானால் குறைவாக நீட்ட வேண்டும். சந்தையில் கிடைக்கும் மாற்று வளையங்களில், அளவு சிறிதாகவும் கனம் குறைவாகவும் செய்து எந்த வில்லைக்கும் இழுத்து மாட்டலாம் என்று விற்கப்படுபவற்றை நான் வாங்கச் சொல்வதில்லை. அவை முதலாண்டில் அருமையாகப் பற்றும். பிறகு பள்ளங்களில் பிளக்கும்.

உப்புப் பூத்த சுவர்போல வளையம் வெளுத்துவிடுவது வேறு நிகழ்ச்சி. இதைக் கேடென்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது பாதுகாப்பின் ஒரு பகுதி. ஓசோனைத் தடுக்க ரப்பர்க் கலவையில் மெழுகும் ஓசோனெதிர்ப்பிகளும் சேர்ப்பார்கள். ரப்பரில் கரையும் அளவுக்கு மேலாகச் சேர்த்த மெழுகு மெல்ல மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். அசையாமல் இருக்கும் ரப்பருக்கு அப்படலமே கவசம். மிச்சக் கந்தகமும் இவ்வாறு மேலே வருவதுண்டு. அழகு வேண்டுமெனில் சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவலாம். சில மாதங்களில் மீண்டும் பூக்கும். கறுப்பாக்குவதற்குச் செருப்பு மெருகும் எண்ணெயும் தடவுவது தீங்கு. எண்ணெய் ரப்பரை வீங்கச் செய்யும், வீங்கினால் தளரும். வெளுப்பு ஒன்றுக்காக மட்டும் நல்ல வளையத்தைக் கழற்றுவது வேண்டாத வேலை.

பிசுபிசுப்பு இன்னும் வேறு. இயற்கை ரப்பர் மூப்படையும்போது சங்கிலிகள் அறுந்து இளகும். பியூட்டடையீன் வகைச் செயற்கை ரப்பர்களிலோ குறுக்குப் பிணைப்புகள் பெருகி இறுகும். 1990களுக்குப் பிந்திய கருவிகளில் மென்தொடு பூச்சாகப் பயன்பட்ட பாலியூரத்தேன் வகைகள் சில, காற்றின் ஈரத்தாலேயே நீராற்பகுப்படைந்து பாகாகும். கடலோர ஊர்களில் இது விரைந்து நிகழும். மாவு தூவினால் ஒருநாள் மறையும். சங்கிலி அறுந்த பொருள் மீளாது, அகற்றத்தான் வேண்டும்.

இனிச் செயல்முறை. கழற்றுவதற்கு முன் வளையத்தின் அகலத்தையும் அதன் கீழுள்ள உலோகத்தின் விட்டத்தையும் அளக்க வேண்டும். விட்டத்தை ரப்பர்மேல் அளந்தால் பயனில்லை. கழற்றிய பின் வெர்னியர் அளவியால் உலோகத்தையே மூன்று இடங்களில் அளப்பது நல்லது. வளையம் இன்னும் உயிரோடு இருந்தால், மூங்கில் குச்சியோ மழுங்கிய நெகிழி முனையோ விளிம்பின் கீழ் நுழைத்து, சுற்றிலும் ஓட்டி ஒட்டுதலை விடுவிக்கலாம். பசை பிடித்த இடத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் ஒரு துளி விட்டுப் பொறுத்தால் இளகும். இரும்பு முனை வேண்டாம். கறுப்பு மேற்படலம் ஏற்றிய அலுமினியத்தில் விழும் கீறல் வெள்ளையாக நிலைத்துவிடும். வளையத்தைத் தொலைவெண்கள் இல்லாத பக்கமாக உருட்டி எடுக்க வேண்டும். எண்களின் மேல் இழுத்துச் சென்றால் வண்ணம் நிரப்பிய எழுத்துகள் தேயும். வெடித்து வீணான வளையமாயின், அச்சுக்கு இணையாக மேலோட்டமாகக் கீறிப் பிளந்துவிடலாம். அது முன்பே வெடிக்கத் தொடங்கிய திசைதான் என்பதால் எளிதில் பிளக்கும்.

கழற்றியதும் வெளிப்படும் உலோகத்தை உற்றுநோக்க வேண்டும். பல வில்லைகளில் அங்கே சிறு திருகாணிகள் இருக்கும், சிலவற்றில் ஒரு நாடாவால் மூடியபடி. குவிய வளையத்தை மரைக்குழாயோடு பிணைப்பவை அவை. அவற்றைத் தளர்த்தினால் வளையமும் மரையும் தொடர்பற்றுச் சுழலும். முடிவிலிக் குறி உண்மையான முடிவிலியோடு பொருந்தாமல் போகும். தளர்ந்திருந்தால் மெல்ல இறுக்கலாம், அதற்கு மேல் தொட வேண்டாம். ஏற்கெனவே முடிவிலி பிசகியுள்ள வில்லைக்கு அதைத் திருத்தும் வழியும் பெரும்பாலும் இதுவே என்பதால், புதிய வளையம் மாட்டும் முன் ஒருமுறை தொலைவிலுள்ள மலையையோ நிலவையோ பார்த்துச் சரிபார்ப்பது அறிவுடைமை. மாட்டிய பின் மறுபடி கழற்ற நேர்ந்தால் புதிய ரப்பரை வீணே நீட்டுவோம்.

உலோகத்தைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்ககாலே போதும். ஒரு கரைப்பான் ஒரு பலபடியை வீங்கச் செய்யுமா என்பது இரண்டின் கரைதிறன் அளவுகள் எவ்வளவு நெருங்கியவை என்பதைப் பொறுத்தது. பெட்ரோலும் டொலுயீனும் இயற்கை ரப்பருக்கு மிக நெருங்கியவை, ஆல்ககால் தொலைவானது. அசிட்டோனை வில்லையின் அருகிலேயே கொண்டுவரக்கூடாது, எண்களின் வண்ணத்தையும் நெகிழிப் பாகங்களையும் அது கரைக்கும். நீர்மத்தை நேரே ஊற்றாமல் துணியில் நனைத்துத் துடைத்தால், பழைய மசகைக் கரைத்துக்கொண்டு உள்ளே ஓடாது.

புதிய வளையம் எந்த ரப்பரால் ஆனது என்று கேட்டு வாங்குவது நலம். முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாத இ.பி.டி.எம். ரப்பர் ஓசோனுக்கு அசையாது. என் முதல் தேர்வு அது. 1930இல் வேதியியலாளர் கரோதர்ஸின் ஆய்வுக்குழுவில் பிறந்த நியோபிரீனில் இரட்டைப் பிணைப்பின் அருகே குளோரின் அமர்ந்து அதன் வேகத்தைத் தணிக்கிறது. எண்ணெயையும் ஓரளவு தாங்கும் என்பதால் கையில் வியர்வையும் எண்ணெயும் மிகுந்தவர்களுக்கு அது ஏற்றது. சிலிக்கோன் மூப்பே அறியாது, ஆனால் தூசியை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும், எதனோடும் ஒட்டாது. உலோக விட்டம் 60 மி.மீ. என்றால் வளையத்தின் உள்விட்டம் 57 முதல் 58 மி.மீ. வரை இருக்கலாம்; அதற்குக் கீழே போக வேண்டாம்.

மாட்டும்போது வழுக்குவதற்கு எண்ணெயோ சோப்போ தடவக்கூடாது. உலோகத்திலும் ரப்பரின் உட்புறத்திலும் ஆல்ககால் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும்; சில நிமிடங்களில் ஆவியாகிப் பற்று வந்துவிடும். பள்ளக்கோடுகள் முறுக்கிக்கொண்டிருந்தால் வளையம் ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் நீண்டிருக்கிறது என்று பொருள். மழுங்கிய குச்சியை அடியில் விட்டு இரண்டு சுற்று ஓட்டினால் நீட்சி சமமாகும்.

அளவு பொருந்திய வளையத்துக்குப் பசை வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தில் பழம்பொருளைச் செப்பனிடுவோர், செய்ததை மீட்கத்தக்கதாகச் செய் என்ற நெறியைக் கைக்கொள்கிறார்கள். அந்நெறியை இங்கும் விட்டுக்கொடுக்கலாகாது. நாளை மரைக்கு மசகு மாற்றுபவர் இவ்வளையத்தை மீண்டும் கழற்றியாக வேண்டும். பற்று போதவில்லை எனில் மெல்லிய இருபுறப் பசைநாடா இரண்டு துண்டு போதும்.

ஒரு பசையை மட்டும் முற்றாக விலக்க வேண்டும்: கடைகளில் நொடியில் ஒட்டும் என்று விற்கும் சயனோஅக்ரிலேட். இறுகும்போது அது ஆவியை விடும். அவ்வாவி காற்றின் ஈரத்தைத் தொட்டதும் வெண்படலமாகப் பலபடியாகும். குற்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கைரேகையை வெள்ளையாக வெளிக்கொணரத் தடயவியலார் பயன்படுத்துவது இதே ஆவியைத்தான். திருகாணித் துளை வழியாகவும் மரை இடுக்கு வழியாகவும் அது உள்ளே புகுந்தால், எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சின்மேல் மூட்டமாகப் படியும். ஐம்பது ரூபாய்ப் பசை, வில்லையை வில்லையாக்கும் ஒரே பொருளைக் கெடுத்துவிடும். புளித்த காடி மணம் வீசும் சிலிக்கோன் அடைப்பானும் ஆகாது. அந்த மணம் அசிட்டிக் அமிலத்தினுடையது, பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஜெர்மானியப் பழங்கருவிகள் பலவற்றில் தோலுறையின் கீழ் பித்தளை ஆணித்தலைகள் பச்சைக் கட்டிகளாகப் புடைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு, உறையின் கீழ் சிக்கிய அமிலம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொருத்தமான வளையம் கிடைக்காத வில்லைகள் உண்டு. தையற்கடைச் செயற்கைத் தோலையும் கார்க்குத் தாளையும் வெட்டி ஒட்டுவோர் உள்ளனர். நான் பரிந்துரைப்பது சைக்கிள் டியூப், அதிலும் பியூட்டைல் என்று குறித்த டியூப். காற்றைக் கசியவிடாமைக்காகவே உருவான அந்த ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மிக அருகியே இருப்பதால் ஓசோன் அதை எளிதில் தொடாது. குழாயைக் குறுக்கே நறுக்கி வளையமாகவே மாட்ட அளவு ஒத்துவந்தால் இணைப்பே தேவையில்லை. பட்டையாக வெட்டிச் சுற்றுவதானால் நீளத்தில் கவனம் வேண்டும். 60 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 188.5 மி.மீ. ஒரு மி.மீ. கனமுள்ள பட்டை வளையும்போது நீளம் மாறாதிருப்பது அதன் நடுத்தளம். அதன் விட்டம் 61 என்பதால் 191.6 மி.மீ. வேண்டும். நீளாத செயற்கைத் தோலை இந்த அளவுக்கு வெட்டாவிட்டால் மூன்று மி.மீ. இடைவெளி வாய்பிளந்து நிற்கும். ரப்பரை 188.5க்கே வெட்டலாம், ஒன்றரை விழுக்காடு நீண்டு இணைப்பைத் தானே மூடும். முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாகச் சீவினால் ஒட்டும் பரப்பு பெருகும், விரலுக்கும் இணைப்பு தட்டுப்படாது. இந்த இணைப்புக்கு மட்டும், வில்லையிலிருந்து விலகிய இடத்தில் வைத்து, தொடுபசை பூசலாம். இருமுகத்திலும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பின்னர் அழுத்த வேண்டும். உலரும் முன் அழுத்தினால் உள்ளே அடைபட்ட பசைக் கரைப்பான் ரப்பரை வீங்கச் செய்து இணைப்பை வளைத்துவிடும்.

மாட்டிய முதல் வாரத்தில் புதிய ரப்பர் சிறிது தளர்ந்து நிலைகொள்ளும், அது இயல்பு. வெண்சுண்ணத்தால் ரப்பரிலும் உலோகத்திலும் தொடர்ச்சியாக ஒரு சிறு கோடு இழுத்து வைத்தால், வழுக்குகிறதா என்பது கோடு இரண்டாகப் பிரிவதிலேயே தெரியும். பொறி பறக்கும் மின்னோடிகள் ஓசோனை உண்டாக்கும் ஆதலால் அவற்றின் அருகில் வில்லைப் பெட்டியை வைக்கலாகாது. பூஞ்சையைக் கொல்லப் புறஊதா விளக்கு வாங்குவோர் அதன் அலைநீளத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 254 நானோமீட்டர் கதிர் ஓசோனை உண்டாக்காது. 185 நானோமீட்டர் கதிரையும் வெளிவிடும் குவார்ட்சுக் குழாய் விளக்கோ காற்றின் ஆக்சிஜனைப் பிளந்து ஓசோனாக்கும். மூடிய பெட்டிக்குள் அத்தகைய விளக்கின் கீழ் வைத்த வில்லையில், பூஞ்சையோடு சேர்ந்து பிடிவளையமும் அடிபடும். அவ்வகை விளக்குதான் கைவசம் இருக்கிறதென்றால், வளையத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் அதை ஏற்ற வேண்டும்.